ராத்திரி வராத ஊரில் நாலு பைக்

வாசகர் கேள்வி, மெக்கானிக் பதில்

திங்கள்சந்தையில் இருசக்கர வாகன ஒர்க்‌ஷாப் நடத்தும் நம் வாசகர் ஒருவர், மூன்று நண்பர்களோடு ஸ்வீடன், நார்வே, பின்லாந்து நாடுகளைப் பைக்கில் சுற்றிவிட்டு வந்ததைப் போன இதழில் இரண்டு பக்கம் வெளியிட்டிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களை ஒரு பையில் போட்டு அவர் கடைக்கே அனுப்பினோம். கிரீஸ் கறையோடு திரும்பி வந்த பதில்கள் இவை.

எந்த வழியாகப் போனீர்கள், எத்தனை கிலோமீட்டர்? சொந்த வண்டியைக் கொண்டு போனீர்களா?
பைக் பிரியன், குழித்துறை

மேப் போட இடமில்லை என்று ஆசிரியர் சொல்லிவிட்டதால் வாயாலேயே வரைகிறேன். ஸ்வீடனில் கோதன்பர்க் நகரத்தில் வண்டி எடுத்தோம். அங்கிருந்து நார்வேக்குள் ஓஸ்லோ, ஓண்டால்ஸ்னெஸ், தீவு தீவாகத் தாவிப்போகும் அட்லாண்டிக் ரோடு, ட்ரொன்ஹெய்ம், பூடோ. பூடோவில் பைக்கோடு கப்பல் ஏறி லோஃபோடன் தீவுகள். பிறகு நார்விக், ஆல்டா, கடைசியில் நார்த் கேப் முனை. திரும்பும்போது பின்லாந்து வழி: இனாரி, ரோவனியெமி, ஓலு, துர்க்கு. துர்க்குவில் ராத்திரி கப்பல் ஏறினால் காலையில் ஸ்டாக்ஹோம். கோதன்பர்க்கில் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது மீட்டரில் 5,310 கிலோமீட்டர் ஏறியிருந்தது. 19 நாள்.

நம்மூரில், கன்னியாகுமரியில் முடிகிற தேசிய நெடுஞ்சாலை, அதாவது என்.எச். 44, ஸ்ரீநகரிலிருந்து வருகிறது. அதேபோல் அங்கே ஈ-6 என்று ஒரு ரோடு. ஸ்வீடனின் தென்கோடியில் தொடங்கி நார்வேயின் வடகிழக்கு மூலை வரைக்கும் 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. எங்கள் பயணத்தில் கணிசமான பகுதி அந்த ரோட்டில்தான்.

சொந்த வண்டி இல்லை, வாடகை வண்டி. என் புல்லட்டைக் கப்பலில் அனுப்பலாமா என்று விசாரித்தேன். கப்பல் கூலி, சுங்கப் பத்திரம், அதற்குக் கட்டும் ஈட்டுத்தொகை, போகவும் வரவும் துறைமுகத்தில் காத்திருப்பு. மெக்கானிக்காக ஒன்று சொல்கிறேன்: புல்லட் அந்த ரோட்டில் நன்றாகவே ஓடும். ஆனால் மூன்று வார லீவுக்கு மூன்று மாதம் கப்பலைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அட்லாண்டிக் ரோட்டைப் பற்றி ஒரு வரி. மொத்தமே எட்டு கிலோமீட்டர் சொச்சம், எட்டுப் பாலம், 1989-ல் திறந்தது. அதில் ஒரு பாலம் வளைந்து எழும்பி, தூரத்திலிருந்து பார்த்தால் பாதியில் அறுந்து நிற்பதுபோலத் தெரியும். நாங்கள் நாலு தடவை போய்வந்தோம்.

மொத்தச் செலவு எவ்வளவு? மழுப்பாமல் சொல்லவும்.
பெயர் வேண்டாம், நாகர்கோவில்

பெயர் சொல்லாமல் கேட்பவருக்கும் மழுப்பாமல் சொல்கிறேன். தலைக்கு 4,20,000 ரூபாய் ஆனது. திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா வழியாக விமானம் போக வர 75,000. பைக் வாடகை 1,70,000, இதுதான் பெரிய அடி. பெட்ரோல் 42,000. நாங்கள் போனபோது ஒரு நார்வே குரோனர் எட்டு ரூபாயைச் சுற்றி இருந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் இருபது குரோனருக்கு மேல். தங்கலுக்கு 30,000, சாப்பாட்டுக்கு 30,000. மிச்சம் விசா, இன்ஷூரன்ஸ், கப்பல், குளிர் உடுப்பு, இன்னும் என் டைரியில் 'என்னமோ' என்று எழுதிவைத்திருக்கிற சில்லறைகள்.

தங்கல் இவ்வளவு மலிவாக முடிந்ததற்குக் காரணம் உண்டு. ரோட்டோரக் கேம்ப் மைதானங்களில் மரக்குடில் கிடைக்கும். அடுக்குக் கட்டில் நாலு, ஒரு மின் அடுப்பு, வெளியே பொதுக் குளியலறை. நாலு பேர் பகிர்ந்தால் தாங்கும். கூடாரம் அடித்தால் அதுவும் வேண்டாம். நார்வேயில் பயிர் செய்யாத வெட்டவெளியில் யாரும் கூடாரம் போடலாம், ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், ஒரே இடத்தில் இரண்டு ராத்திரிதான். இது அந்த நாட்டுச் சட்டம். நாங்கள் மூன்று ராத்திரி போட்டோம். நாலாவது ராத்திரி என் முட்டு சம்மதிக்கவில்லை.

பணம் எங்கிருந்து வந்தது என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள். ஆறு வருஷம் சீட்டுப் போட்டேன்.

விசா, லைசென்ஸ் விஷயம் சிரமமா?
ஊர்சுற்றி, மார்த்தாண்டம்

டிஎன் 75-காரரா? சரி. ஆர்.டி.ஓ. ஆபீசில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி தருவார்கள். பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பம், ஆயிரம் ரூபாய் கட்டணம், ஒரு வருஷம் செல்லும். வாடகைக் கடைக்காரன் அதையும் கேட்டான், நம் ஒரிஜினல் லைசென்ஸையும் கேட்டான். இரண்டும் கையில் இருக்கட்டும்.

விசா ஒன்றே போதும். டென்மார்க், ஸ்வீடன், நார்வே, பின்லாந்து எல்லாம் ஷெங்கன் கூட்டம். எந்த நாட்டில் அதிக நாள் இருப்பீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். எங்களுக்கு அது நார்வே. கட்டணம் 90 யூரோ, மருத்துவ இன்ஷூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு. என்னைப்போலச் சொந்தத் தொழில் செய்கிறவர்களிடம் வருமான வரிக் கணக்கைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஒர்க்‌ஷாப்காரன் ஒழுங்காக வரி கட்டிய புண்ணியம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

என் கணவருக்கு 48 வயது. உங்கள் கட்டுரையைப் படித்ததிலிருந்து ராத்திரி முழுக்க யூடியூபில் நார்வே ரோடு பார்க்கிறார். எப்படித் தடுப்பது?
ஒரு மனைவி, தக்கலை

தங்கச்சி, நான் யார் கட்சி என்று உங்களுக்கே தெரியும். அதனால் என் வீட்டுக்காரியிடம் உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தடுக்காண்டாம். மழை நேரம் பாத்து பைக்ல கொடைக்கானலுக்கு அனுப்புங்க. ரெண்டு நாள்ல போயிட்டு வரணும். வந்து முதுகு வலிக்குன்னு சொன்னா கதை முடிஞ்சு. சொல்லலைன்னா அப்புறம் இன்ஷூரன்ஸ் பத்திரத்தை எங்க வச்சிருக்காருன்னு கேளுங்க."

அவள் என்னை அனுப்பியதும் இந்த வரிசையில்தான். கொடைக்கானலிலிருந்து வந்த அன்று முதுகு எனக்கு நன்றாகவே வலித்தது. சொல்லவில்லை.

நாலு பேர், 19 நாள். சண்டை வரவில்லையா?
சினேகிதன், இரணியல்

வந்தது. அதைப் போன இதழில் எழுதாமல் விட்டது என் தப்பு.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் தூத்தூர்க்காரர், சரக்குக் கப்பலில் என்ஜினியர். எங்களுக்குக் கப்பல்காரர். இன்னொருவர் வடசேரியில் பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார். மூன்றாவது என் மச்சான். என் தங்கை கோதன்பர்க்கில் நர்ஸ், அவளோடு போய் அங்கேயே தங்கிவிட்டவன். நான் நாலாவது.

ஆர்க்டிக் வட்டம் தாண்டியதும் எங்களுக்கு ஒரு வியாதி பிடித்தது. நம்மூரில் பைக் ஓட்டுகிறவனுக்கு நிறுத்தச் சொல்வது யார்? இருட்டுதான். ஆறரை, ஏழு ஆனால் கண் கூசும், பூச்சி முகத்தில் அடிக்கும், எதிரே லாரி ஹை பீம் போடுவான். தன்னால் டீக்கடையில் நிறுத்திவிடுவோம். அங்கே ஜூன் கடைசியில் அது இல்லை. ராத்திரி பத்துக்கு சாயங்கால நாலு மணி வெயில். இன்னும் ஐம்பது கிலோமீட்டர் போவோமே என்று தோன்றும். அந்த ஐம்பது முடிந்தால் இன்னொரு ஐம்பது. உடம்புக்குக் களைப்பு தெரியாது என்றில்லை, தெரியும். ஆனால் கண் அதை நம்பாது.

நார்விக் தாண்டி ஒருநாள் பதினாலு மணி நேரம் ஓட்டினோம். ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தியபோது வாத்தியார் இறங்கவில்லை. ஸ்டாண்டும் போடவில்லை. இரண்டு காலையும் ஊன்றி, ஹெல்மெட் கண்ணாடியை இறக்கி உட்கார்ந்திருக்கிறார். கிட்டப் போய்ப் பார்த்தால் தூங்குகிறார். இருநூற்றுச் சொச்சம் கிலோ வண்டி அவர் தொடைக்கு நடுவே நிற்கிறது. நான் பிடித்துக்கொண்டேன். அங்கே வைத்துத்தான் கப்பல்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது நான். "நீ மெக்கானிக். வண்டி சூடானா நிறுத்துவ. ஆளு சூடானா உனக்கு மீட்டர் இல்ல, அப்படித்தான மக்கா?" என்றார். நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொன்னேன், அதில் இரண்டு அச்சில் ஏறாது. மச்சான் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு உள்ளே போய் நாலு காப்பி வாங்கிவந்தான். யாரும் குடிக்கவில்லை.

மறுநாள் காலை கப்பல்காரரே ஒரு ஏற்பாடு கொண்டுவந்தார். கப்பலில் வெளியே வெயிலா இருட்டா என்று பார்த்து வேலை செய்வதில்லை, வாட்ச் முறைதான்: நாலு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மணி அடித்தால் அடித்ததுதான். எங்களுக்கும் சாயங்காலம் எட்டு மணிக்கு என்ஜின் ஆஃப், சூரியன் எங்கே நின்றாலும் சரி. மணிக்கு எங்கே போவது? வாத்தியார் கழுத்தில் எப்போதும் கிடக்கும் விசில் இருந்தது. எட்டானால் பின்னாலிருந்து ஊதுவார். ஹெல்மெட்டுக்குள் கேட்காதுதான். இன்டர்காமில் ஊதினார். காது போனது, ஆனால் நின்றோம். குடிலில் ஜன்னலுக்குக் கறுப்பு பிளாஸ்டிக் பையை டேப் போட்டு ஒட்டித் தூங்கினோம்.

ஹாரன் அடித்தீர்களா?
ஆட்டோ ஓட்டுநர், வடசேரி

இரண்டு தடவை. இரண்டும் இன்டிகேட்டர் என்று நினைத்து அழுத்தியது.

எங்கள் ஊர்க் காற்றைவிடவா அங்கே காற்று? குளிருக்கு என்ன செய்தீர்கள்?
காற்றாலைக்காரன், ஆரல்வாய்மொழி

உங்கள் ஊருக்குப் பெரிய கும்பிடு. ஜூலை மாதம் முப்பந்தல் பக்கம் 150 சிசி வண்டியில் போய்ப் பழகியதுதான் என்னைக் காப்பாற்றியது. ஆரல்வாய்மொழிக் காற்று ஒரே பக்கமிருந்து ஒரே அழுத்தமாகத் தள்ளும், சாய்ந்தே போய்விடலாம். நார்த் கேப் போகிற ஈ-69 ரோட்டில் அப்படி இல்லை. மலை மறைப்பில் போகும்போது காற்றே கிடையாது. பாறை முடிகிற இடத்தில் திடீரென்று தோளில் கை வைத்துத் தள்ளுவதுபோல அடிக்கும். அடுத்த பாறை வந்ததும் நின்றுவிடும். காற்றுக்காகச் சாய்ந்திருந்த நாம் இப்போது எதிர்ப்பக்கம் போவோம். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். முட்டியால் டேங்கைக் கவ்விக்கொண்டு கையைத் தளர்த்தி, வேகத்தைக் குறைத்து, ரோட்டு ஓரத்தை விட்டு உள்ளே தள்ளி ஓட்டுங்கள். முன் சக்கரம் தானே நேராகிக்கொள்ளும்.

குளிர் ஜூன் கடைசியிலேயே ஏழு, எட்டு டிகிரி. ஓடுகிற வண்டியில் அது இன்னும் இறங்கும். வாடகை வண்டியில் கைப்பிடி சூடாகும் வசதி இருந்தது, உள்ளங்கை இட்லி மாதிரி வெந்தது, விரல் முதுகு விறைத்தது. கடைசியில் சூப்பர்மார்க்கெட்டில் பாத்திரம் கழுவும் ரப்பர் உறை, பெரிய சைஸ், மஞ்சள் நிறம் வாங்கித் தோல் உறைக்கு மேலே மாட்டினேன். மழையும் இறங்கவில்லை, காற்றும் நுழையவில்லை. போட்டோவில் மட்டும் கேவலமாக இருக்கிறது, அதனால்தான் போன இதழில் கையை மறைத்துக்கொண்டு நிற்கிறேன்.

இன்னொரு விஷயம், காற்றைவிடப் பெரியது: அங்கே வலதுபக்கம் ஓட்ட வேண்டும். கூட்டமான ரோட்டில் தப்பு வராது, முன்னால் போகிறவன் பின்னாலேயே போய்விடுவோம். ஆள் இல்லாத ரோட்டில், காலையில் பங்கிலிருந்து வெளியே வரும்போதுதான் கை தானாக இடதுபக்கம் திருப்பும். இரண்டாம் நாளே திருப்பினேன். எதிரே வந்த பால் லாரிக்காரர் நிறுத்திவிட்டு, திட்டாமல், கையால் வலதுபக்கம் காட்டினார். அன்று சிவப்பு டேப்பில் அம்புக்குறி வெட்டி டேங்கின் மேல் ஒட்டினேன். கடைசிநாள் வரை அதைப் பார்க்காமல் கிளட்சை விடவில்லை.

அந்த நாடுகளிலும் டாஸ்மாக் உண்டா?
சும்மா கேட்கிறேன், திட்டுவிளை

சும்மா கேட்பவரே, உண்டு! நார்வேயில் வீன்மோனோபோலெட் என்ற அரசுக் கடை, 1922-லிருந்து இருக்கிறது. ஸ்வீடனில் சிஸ்டெம்போலாகெட், பின்லாந்தில் ஆல்கோ, எல்லாம் அரசாங்கம்தான். நார்வேயில் லேசான பியர் மட்டும் சாதாரணக் கடையில் கிடைக்கும், மற்றதெல்லாம் அரசுக் கடையில். ஞாயிற்றுக்கிழமை பூட்டு. கியூவில் எல்லாரும் கோயிலில் நிற்பதுபோல நிற்கிறார்கள்.

குடித்துவிட்டு ஓட்டுவதை மறந்துவிடுங்கள். நார்வேயிலும் ஸ்வீடனிலும் ரத்தத்தில் 0.02 சதவீதம்தான் எல்லை. நம்மூரில் 0.03. முந்தின ராத்திரி குடித்ததுகூடக் காலையில் காட்டிவிடலாம். வேகத்துக்கும் இதே கண்டிப்பு. பெரும்பாலான ரோட்டில் 80தான், மீறினால் அபராதம் ஆயிரக்கணக்கில், அதுவும் குரோனரில்.

நாங்கள் சைவம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா?
ஒரு குடும்பத்தலைவி, சுசீந்திரம்

வேண்டாம் அக்கா. உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, பால், தயிர், ரொட்டி, ஆப்பிள் எந்தச் சின்ன ஊர் கடையிலும் உண்டு. குடிலில் அடுப்பும் உண்டு. நாங்கள் இங்கிருந்து கொண்டுபோனது சம்பா அரிசி மூன்று கிலோ, ரசப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், ஏத்தங்காய் சிப்ஸ். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது, அதனால் நெய்ப்பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சிப்ஸ் ட்ரொன்ஹெய்ம் வருவதற்குள் காலி. ரசம் கடைசிவரை வந்தது. மழையில் நனைந்து குடிலுக்குள் வந்ததும் கப்பல்காரர் வைக்கும் ரசத்தின் வாசனைக்குப் பக்கத்துக் குடில் ஜெர்மன்காரர்கள் எட்டிப்பார்த்தார்கள். ஒரு கப் கொடுத்தோம். ஒருவர் மட்டும் இரண்டாவது கப் கேட்டார்.

நார்த் கேப்தான் ஐரோப்பாவின் வடகோடி என்று எழுதியிருந்தீர்கள். தவறு. திருத்திக்கொள்ளவும்.
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர், அகஸ்தீஸ்வரம்

திருத்திக்கொண்டேன் சார். நார்த் கேப் வட அட்சரேகை 71 டிகிரி 10 நிமிடத்தில் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே க்னீவ்ஷெலோடன் என்ற தட்டையான முனை ஒன்றரைக் கிலோமீட்டர் போல இன்னும் வடக்கே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் அங்கே ரோடு கிடையாது, போக ஒன்பது, வர ஒன்பது கிலோமீட்டர் நடக்க வேண்டும். போதாக்குறைக்கு இரண்டுமே மாகெரோயா என்ற தீவில் இருக்கின்றன. தீவைக் கணக்கில் எடுக்காமல் பெருநிலத்தின் முனை எது என்றால் அது கிழக்கே இன்னொரு இடம், கின்னரோடன். ரோடு போகிற இடத்துக்குப் பெயர் நிற்கிறது, அவ்வளவுதான். இந்தியாவின் தென்கோடி கன்னியாகுமரி என்று நாமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். நிக்கோபாரில் இந்திரா முனை இருக்கிறதே சார்.

அந்த முனையில் 307 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தான பாறை, மேலே இரும்பில் ஒரு உலக உருண்டைக் கூடு. பாறைக்கு உள்ளே தாய்லாந்துக்கு ஒரு சின்ன அருங்காட்சியகமே வைத்திருக்கிறார்கள். அந்நாட்டு மன்னர் சூலலாங்கோர்ன் 1907-ல் அங்கே வந்திருக்கிறார். அவ்வளவு தெற்கேயிருந்து வந்தவர் நமக்கு முன்னாலேயே ஒருவர் இருந்தார் என்று வாத்தியாருக்கு ரொம்ப சந்தோஷம்.

நள்ளிரவுச் சூரியனைப் பார்த்தீர்களா? போன கட்டுரையில் அந்த இடம் மட்டும் சுருக்கமாக இருந்ததே?
கடற்கரைக்காரி, முட்டம்

சுருக்கமாக எழுதியது வெட்கத்தால். நார்த் கேப்பில் பார்க்கவில்லை.

மே நடுவிலிருந்து ஜூலை கடைசிவரை அங்கே சூரியன் மறையாது. அதற்காகத்தான் அன்று மட்டும் விசில் சட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு, பகலில் தூங்கி, ராத்திரி ஒன்பதுக்குப் போய் நின்றோம். ஒரே மூடுபனி. உருண்டைக் கூடே இருபதடியில்தான் தெரிந்தது. பஸ் பஸ்ஸாக வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குச் சிரிப்பு. கன்னியாகுமரியில் வடநாட்டிலிருந்து மூன்று நாள் ரயிலில் வந்து, காலை ஐந்துக்கு எழுந்து, மேகத்தைப் பார்த்துவிட்டு "சன்ரைஸ் கஹான்?" என்று கேட்பார்களே, எத்தனை பேருக்கு "நாளைக்கு வாங்க" என்று சொல்லியிருப்போம். அன்றைக்கு நான் கேட்கிற பக்கத்தில் நின்றேன்.

பதினோரு மணிக்கு இறங்கிவிட்டோம். தீவிலிருந்து வெளியே வரக் கடலுக்கு அடியில் சுரங்கம், 1999-ல் திறந்தது, ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, கடல் மட்டத்துக்கு 212 மீட்டர் கீழே இறங்கி ஏறுகிறது. ஏறி வெளியே வந்தால் பனி இல்லை. வலதுபக்கம் மலை, இடதுபக்கம் பொர்சாங்கர் ஃபியோர்டு, அதாவது மலைகளுக்கு நடுவே உள்ளே நுழைந்து கிடக்கும் கடல். கொஞ்ச தூரத்தில் என் பின்சக்கரம் ஆடியது. நிறுத்திப் பார்த்தால் டயர் நடுவில் ஒரு ஸ்குரூ, தலை வெள்ளி மாதிரி மின்னுகிறது.

வாடகைக் கடைக்காரர் கொடுத்த பஞ்சர் பெட்டியைத் திறந்தேன். சொலுஷன் டியூப் எப்போதோ காய்ந்து கல்லாகியிருந்தது. ஓட்டையை அடைக்கிற ரப்பர் ஸ்ட்ரிப் ஒன்றுகூட இல்லை. கடையின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தக் கடையில் எடுத்தாலும் அந்தப் பெட்டியைக் கடை வாசலிலேயே திறந்து பாருங்கள். நல்லவேளை, திங்கள்சந்தையிலிருந்து என் பெட்டியை எடுத்துப்போயிருந்தேன். தூத்தூர்க்காரர் திருவனந்தபுரத்தில் அதைப் பார்த்து, "கல்யாணத்துக்குப் போற சமையக்காரன் கரண்டி கொண்டு போற மாதிரி" என்று கிண்டல் அடித்திருந்தார்.

ஸ்குரூவைப் பிளையரால் இழுத்தேன். உஸ்ஸென்று காற்று. ராவும் ஊசியை ஓட்டைக்குள் விட்டு முன்னும் பின்னும் நாலு தடவை உரசினேன். ஸ்ட்ரிப் குளிரில் மரத்துப்போய் ஊசிக்கண்ணில் நுழைய மறுத்தது. என்ஜின் மேல் இரண்டு நிமிடம் வைத்ததும் இளகியது. சொலுஷன் தடவி, முழுப் பலத்தோடு அமுக்கி, வால் இரண்டும் அரை இஞ்சு வெளியே நிற்க, ஊசியை வெடுக்கென்று இழுத்தேன். பிளேடால் வாலை நறுக்கி எச்சில் தொட்டு வைத்தேன். குமிழி வரவில்லை. இவ்வளவுக்கும் கொசு. ஆர்க்டிக்கில் கொசு இருக்கும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. நம்மூர்ப் பறக்கின்கால் வாய்க்காலே தேவலை.

பேட்டரியில் பம்பை மாட்டி நிமிர்ந்தபோது மூன்று பேரும் என்னைப் பார்க்காமல் அந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார்கள். ஃபியோர்டு வடக்கே கடலுக்குத் திறக்கிற இடம். அங்கே நிற்கிறது சூரியன், நேர் வடக்கில். நம்மூரில் எந்தக் காலத்திலும் அந்தத் திசையில் அந்த உயரத்தில் நான் பார்த்ததில்லை. மணி பன்னிரண்டு இருபது. அந்த ஊர்க் கடிகாரப்படி அப்போதுதான் அது ஆக அடியில் வரும் நேரம். இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை, தண்ணீருக்கு மேலே இடமிருந்து வலமாக, ஓட்டில் உருளும் கோலிக்குண்டு மாதிரி நகர்கிறது. பம்ப் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. வாத்தியார் விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை. யாரும் போட்டோ எடுக்கவில்லை, அது மறதி. அப்புறம் நினைவு வந்து எடுத்ததில் என் கையும் டயரும்தான் தெளிவாக விழுந்திருக்கிறது.

அங்கிள், கலைமானைத் தொட்டுப் பார்த்தீர்களா?
ஏழாம் வகுப்பு மாணவி, குலசேகரம்

தொடவில்லை மக்ளே. அது காட்டு மான் மாதிரி தெரியும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. சாமி என்று அந்தப் பக்கத்து ஆதிகுடி மக்கள் வளர்க்கிறார்கள். குட்டியிலேயே காதில் வெட்டு அடையாளம் போடுவார்கள், குடும்பத்துக்குக் குடும்பம் வெட்டு வேறே. உங்க ஊர்ப் பக்கம் ரோட்டில் மாடு நிற்குமே, அதேபோல ரோட்டு நடுவில் நிற்கும். பைக்கைப் பார்த்தால் ஓரமாக விலகாது, நமக்கு முன்னாலேயே ரோட்டிலேயே ஓடும். ஒருமுறை ஒன்றின் பின்னால் பத்து நிமிடம் மெதுவாகப் போனேன். அது திரும்பித் திரும்பிப் பார்த்தது, நான்தான் துரத்துகிறேன் என்று நினைத்திருக்கும். ஒன்று ரோட்டைத் தாண்டினால் உடனே முறுக்கக் கூடாது. பின்னாலேயே இன்னொன்று வரும்.

அங்கேயும் கருவாடு உண்டாமே? நம்மூர் கருவாடு போல வருமா?
மீன் வியாபாரி, குளச்சல்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

லோஃபோடன் தீவுகளில் காட் என்ற மீன் குளிர்காலத்தில் முட்டையிட வரும். பிடித்துக் குடலெடுத்து, தலையை வெட்டி, இரண்டிரண்டாக வால்பக்கம் கட்டி, மரத்தால் கட்டிய பெரிய பரணில் தொங்கவிடுவார்கள். பிப்ரவரியிலிருந்து மே வரை தொங்கும். உப்பு ஒரு பொட்டுக்கூடப் போடுவதில்லை! நமக்கு உப்பில்லாமல் வெயிலில் போட்டால் மறுநாள் புழு. அங்கே அந்த மாதங்களில் சூடும் பூஜ்ஜியத்தைச் சுற்றியே நிற்கும், ஈ கிடையாது, காற்று ஓயாது. அழுகவும் விடாது, கட்டியாக உறையவும் விடாது. கடைசியில் எடை ஐந்தில் ஒரு பங்குபோல ஆகிவிடும். நாங்கள் போனபோது பரணெல்லாம் பெரும்பாலும் காலி, சில இடத்தில் தலைகள் மட்டும் கொத்துக் கொத்தாகக் கிடந்தன. தலைக்கு நைஜீரியாவில் கிராக்கியாம், அங்கே போகிறது. உங்களுக்கு இந்த வியாபாரம் சொல்லவே வேண்டாம்.

வீட்டுக்கு ஒன்று வாங்கிவந்தேன். ஒன்றரை முழ நீளம், கையில் தட்டினால் விறகுச் சத்தம். அதை ஒரு வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறப்போட வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார், நானும் வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரி, நெத்திலியை ஊறப்போடுகிற கணக்கில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, கத்தி இறங்காமல், அம்மிக்குழவியால் அடித்து, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். குழம்பு நன்றாக இருந்தது. மீனை எடுத்து மறுபடி தண்ணீரில் போட்டோம். நாலாம் நாள் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்து என்ன செத்தது என்று கேட்டார்கள். ஆறாம் நாள் இரண்டாவது குழம்பு. என் அம்மா ஒரு துண்டை வாயில் போட்டு, வெகுநேரம் மென்று, தட்டு ஓரத்தில் எடுத்துவைத்துவிட்டுக் கேட்டாள்:

"இதுக்கா மக்ளே இம்புட்டுத் தூரம் போன?"